நாலாம் வகுப்பா, ஒன்றாம் வகுப்பா, வாரத்தில் இரண்டு நாளா?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்று ஏழு மாதம் ஆகிறது. பள்ளி திறந்த வாரத்தில் ஒரு தாய் தன் 9 வயது மகளைச் சேர்க்க அழைத்து வந்தார். ஆட்டிசம். டவுனில் ஒரு தனியார் பள்ளியில் "எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது" என்று அனுப்பிவிட்டார்களாம். நாலைந்து வார்த்தை பேசுகிறாள், எழுத வரவில்லை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். வயதுப்படி 4ஆம் வகுப்பு. அந்த வகுப்பு ஆசிரியர், "26 பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னால் முடியாது, ஒன்றாம் வகுப்பில் உட்கார வையுங்கள்" என்கிறார். ஒன்றாம் வகுப்பு டீச்சர் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார். சிறப்புப் பயிற்றுநர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருகிறார், அந்த இரண்டு நாள் மட்டும் பிள்ளையை வரச் சொல்லலாம் என்று இன்னொரு யோசனை. எந்த வகுப்பில் வைப்பது? முடிவு செய்ய வேண்டியது நானா, வட்டாரக் கல்வி அலுவலரான பிஇஓவா, டாக்டரா?

பதில்:

டீச்சர், முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணமெல்லாம் பின்னால் வரட்டும். 4ஆம் வகுப்பு. வாரத்தில் ஐந்து நாளும்.

சட்டம் இதில் சுற்றி வளைக்கவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, பள்ளிக்கே வராத பிள்ளையானாலும் சரி, பாதியில் விட்ட பிள்ளையானாலும் சரி, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர் என்கிறது; பாடத்தில் பின்தங்கியிருந்தால் அதற்குத் தனிப் பயிற்சி கொடு என்கிறது, கீழ் வகுப்புக்கு இறக்கு என்று சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அதன் 16ஆவது பிரிவில், அரசு நிதி வாங்கும் பள்ளியோ அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியோ, பாகுபாடு பார்க்காமல் சேர்த்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளி என்றால் அந்த டவுன் பள்ளிக்கும் இது பொருந்தும். அந்த அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஒரு மனு போடலாம். இப்போதைக்கு அவருக்கு அதைவிடப் பெரிய கவலை உங்கள் பள்ளியில் இடம் கிடைக்குமா என்பதுதான், அதனால் அதை அப்புறம் சொல்லுங்கள்.

வகுப்பைச் சொல்வது இதில் சுலபமான பாதி. நம் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டில் நாலாம் வகுப்பு, கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் நாலாம் வகுப்பு, ஆனால் பிள்ளை பாய் போட்டு உட்கார்ந்திருப்பது ஒன்றாம் வகுப்பு மூலையில் என்று ஒரு ஏற்பாடு உண்டு, உங்களுக்கும் தெரியாமல் இருக்காது. யாரும் பொய் சொல்லவில்லை, எல்லோருக்கும் வசதி, ஆய்வுக்கு வருகிறவர்கள் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் நாலாம் வகுப்பு ஆசிரியர் கேட்பது அநேகமாக இதைத்தான். பயிற்சிக்கு வரும் தலைமையாசிரியர்களிடம் நான் எப்போதும் கேட்பது, பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதை அல்ல, பதினொன்றே கால் மணிக்கு அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதை. பாதிப் பேர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

யார் முடிவு செய்வது என்று கேட்டீர்கள். டாக்டர் இல்லை. டாக்டர் கொடுக்கிற சான்றில் குறைபாட்டின் பெயரும் சதவீதமும் இருக்கும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சட்டம் சொல்லும் சில தனிச் சலுகைகள் கிடைக்கும். சான்று இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யுடிஐடி வாங்கலாம், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாற்றுத்திறனாளிப் பெண் பிள்ளைகளுக்கு வரும் மாதம் 200 ரூபாய் உதவித்தொகைக்கும் பின்னால் பத்தாம் வகுப்பில் பரீட்சைச் சலுகைக்கும் தாள் கையில் இருக்கும், அதனால் வட்டார வள மையத்தில் மருத்துவ முகாம் நடக்கும்போது தவறாமல் அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஆனால் 50 சதவீதம் என்றால் ஒன்றாம் வகுப்பு, 70 என்றால் வீடு என்று எந்தச் சட்டத்திலும் ஒரு அட்டவணை கிடையாது. சான்று இல்லாமல் வந்தாலும் சேர்க்க வேண்டியதுதான். 'சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்' என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் மறுப்பு, பார்வைக்கு அது மறுப்பு மாதிரியே இருக்காது.

பிஇஓவும் இல்லை. அவரைக் கேட்டால் அவர் உங்களையே கேட்பார். அமெரிக்காவில் 1975இல் வந்த ஒரு சட்டத்தின் வழியாக, இந்த மாதிரிப் பிள்ளை எந்த அறையில் எத்தனை நேரம் இருக்க வேண்டும் என்பதை ஒரு குழு உட்கார்ந்து எழுதி முடிவு செய்கிறது, அந்தக் குழுவில் பெற்றோருக்கும் இடம் உண்டு, ஒத்துவரவில்லை என்றால் அவர்கள் முறையிடவும் முடியும். நம்மிடம் அத்தனை விரிவான நடைமுறை இல்லை. அதனால் அந்த முடிவு தானாகத் தலைமையாசிரியர் மேசைக்கு வந்து விழுகிறது, மேசையில் விழுந்ததை நாம் தனியாக முடிவு செய்துவிடுகிறோம், பெரும்பாலும் சேர்க்கை நாளன்று, அந்தத் தாய் நின்றுகொண்டிருக்கும்போதே. அந்த அம்மாவை உட்கார வைத்தீர்களா? இதை நான் குத்திக் காட்டக் கேட்கவில்லை, நானே பலரை நிற்க வைத்திருக்கிறேன்.

அமெரிக்கா வேண்டாம், உங்கள் அறையிலேயே நாலு நாற்காலி போடுங்கள்: தாய், நாலாம் வகுப்பு ஆசிரியர், சிறப்புப் பயிற்றுநர், நீங்கள். செவ்வாயோ வெள்ளியோ வைத்தால் பயிற்றுநரும் இருப்பார். முதலில் தாய் பேசட்டும். ஆசிரியர் முதலில் பேசினால் அவர் தன் கஷ்டங்களைச் சொல்லுவார், அதைக் கேட்டபின் எந்தத் தாயும் வாயைத் திறக்க மாட்டார், 'நீங்க எப்படிச் சொன்னாலும் சரிங்க' என்றுவிடுவார், நாமும் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வோம். பேசி முடித்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள், எப்போது மறுபடி உட்காரப் போகிறீர்கள் என்ற தேதியோடு. அந்தத் தேதி முக்கியம், காரணம் பின்னால் சொல்கிறேன்.

இனி, தலைமையாசிரியர்கள் உண்மையில் எதைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்று கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாம். எந்த ஆசிரியர் முகம் சுளிக்க மாட்டார், எந்த வகுப்பில் சத்தம் வந்தாலும் பரவாயில்லை, யார் போன வருடம் ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், எந்த அறை கழிவறைக்குப் பக்கம், எந்த ஆசிரியர் சங்கத்தில் இருக்கிறார். இதெல்லாம்தான் ஓடும். பிள்ளை இந்தப் பட்டியலில் கடைசியில் வரும், சில நேரம் வரவே வராது. இதில் சில காரணங்கள் நியாயமானவை. முகம் சுளிக்காத ஆசிரியர் என்பது பெரிய விஷயம், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஒரே பள்ளியில் அந்த நல்ல மனம் படைத்த ஒரே டீச்சரிடமே எல்லாப் பிள்ளைகளையும் தள்ளிவிட்டு, மூன்றாவது வருடம் அவர் இடமாறுதல் வாங்கிக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன்.

என் கதை ஒன்று. நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், இருபது வருடத்துக்கு மேலேயே இருக்கும், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன். பத்து வயது, நடக்க முடியாது, அவன் அப்பா சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். ஐந்தாம் வகுப்பு மாடியில். தூக்கிக்கொண்டு படி ஏற யாரும் இல்லை. அதனால் கீழே இருந்த இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தேன், 'அவனுக்கும் சுலபமா இருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேச்சு குழறும், ஆனால் கவனித்துக் கேட்டால் புரியும். கவனித்துக் கேட்க எங்களுக்கு நேரம் வரவில்லை. ஏழு மாதம் கழித்து ஒரு நாள் இரண்டாம் வகுப்பு டீச்சர் என்னிடம் வந்து, "சார், நான் தமிழ்ப் புத்தகத்தில் பக்கம் திருப்புவதற்கு முன்னாலேயே அடுத்த வரியை அவன் முணுமுணுக்கிறான், முழுப் புத்தகமும் மனப்பாடம், இப்போதெல்லாம் கண்ணை மூடித் தூங்குகிறான்" என்றார். அவர் சொன்னது புகார்.

அப்புறம் என்ன செய்தோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஐந்தாம் வகுப்பைக் கீழே இறக்கினோம். இரண்டு பீரோ, ஒரு கரும்பலகை, பெஞ்சுகள். சனிக்கிழமை மத்தியானம் நாலு ஆசிரியர்களும் எட்டாம் வகுப்புப் பையன்களும் சேர்ந்து மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டோம். இறங்கி வந்த வகுப்புக்கு இடம் எங்கே இருந்தது என்கிறீர்களா? தலைமையாசிரியர் அறை. என் மேசை மாடிக்குப் போனது. ஏழு மாதமாக அது என் கண்ணுக்கு ஒரு அறையாகவே படவில்லை, ஏனென்றால் அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து நான் இப்படித்தான் கேட்டுப் பார்க்கிறேன்: பிள்ளையை எங்கே மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த அறையில் எதை மாற்ற முடியும்? சட்டமும் 'நியாயமான ஏற்பாடு' என்று இதைத்தான் சொல்கிறது, அளவுக்கு மீறிய சுமை இல்லாத, தேவையான மாற்றம். பீரோவை நகர்த்துவது யாருக்கும் அளவுக்கு மீறிய சுமை கிடையாது.

உங்கள் பெண்ணுக்கு வருவோம். காதைப் பொத்திக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கடிதத்திலேயே மிகவும் உபயோகமான வரி அதுதான். எந்தச் சத்தத்துக்கு? எல்லாச் சத்தத்துக்குமா? ஒரு நாலு நாள் நீங்களே கவனியுங்கள், ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிரேயரில் மைக் கரகரக்கும்போது என்ன செய்கிறாள், ஃபேன் கடகடக்கும் பக்கம் உட்கார்ந்தால் என்ன ஆகிறது, பிள்ளைகள் கோரஸாக வாய்ப்பாடு சொல்லும்போது, சத்துணவு வரிசையில் தட்டுகள் மோதும்போது, மழை தகரக் கூரையில் அடிக்கும்போது. ஒரு பள்ளியில் இப்படித்தான் ஒரு பையன் 'காரணமே இல்லாமல்' ஒரு நாளைக்கு நாலு தடவை அலறுகிறான் என்று என்னிடம் சொன்னார்கள். போய் உட்கார்ந்து பார்த்தேன். அலறல் ஒவ்வொன்றும் மணி அடித்த கையோடு வந்தது. அந்தப் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, அதற்கு நேர் கீழே ஜன்னல், ஜன்னலுக்குப் பக்கத்தில் அவன் இடம். அவனை எதிர்ச் சுவர் ஓரம் மாற்றினார்கள், மணி அடிக்கிற பையன் முதலில் வந்து அவனுக்குக் கையைக் காட்டிவிட்டுத்தான் அடிப்பான் என்று வைத்தார்கள். அலறல் முழுவதும் நிற்கவில்லை, ஒரு நாளைக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தது. அந்த ஒன்று எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை.

இந்த நாலு நாள் கவனிப்பு சேர்க்கைக்கான தேர்வு அல்ல என்பதை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்துவிட்டு, நாலாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். சோதித்துப் பார்த்துச் சேர்ப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் யாருக்குமே அனுமதிப்பதில்லை.

ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் பாடமாவது புரியுமே என்ற வாதத்தில் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றும். எனக்கும் தோன்றியது, மேலே சொன்னேனே. 9 வயதுப் பெண் ஆறு வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தால், அடுத்த வருடம் அவர்கள் இரண்டாம் வகுப்புக்குப் போவார்கள், இவள் அங்கேயே இருப்பாள், அதற்கடுத்த வருடம் 11 வயதில், உடம்பு வளர்ந்து, கால் நீட்ட இடமில்லாத பெஞ்சில், இன்னொரு புது ஒன்றாம் வகுப்போடு. தெருவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எந்த வகுப்போ அந்த வகுப்பில் இருந்தால், சாயங்காலமும் அவளுக்கு ஆள் இருக்கும். பேச்சு வராத பிள்ளைக்குத் தன் வயதுப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பதே பாதிப் பாடம்.

சரி, நாலாம் வகுப்பு ஆசிரியர். அவரை வில்லனாக்கிவிடாதீர்கள். 26 பிள்ளைகள், கற்றல் விளைவு, ஆன்லைன் மதிப்பீடு, பதிவேடுகள், இதற்கு நடுவில் தெரியாத ஒன்றைக் கையில் கொடுக்கிறீர்கள், பயப்படாமல் என்ன செய்வார்? அவருடைய 'முடியாது' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், என்ன முடியாது என்று கேளுங்கள். 'ஓடிவிட்டால் யார் பொறுப்பு', 'யாரையாவது கடித்துவிட்டால் பெற்றோர் என்னைத்தான் கேட்பார்கள்', 'அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கெட்ட பெயர் எனக்கு வரும்', இந்த மூன்றில் ஒன்று வெளியே வரும். மூன்றுக்கும் வழி உண்டு, 'முடியாது' என்பதற்குத்தான் வழி கிடையாது. ஓடுவதற்கு, கேட்டைப் பூட்டி வைப்பதும் கதவுக்கு எதிர்ப் பக்கம் இடம் போடுவதும். கடிப்பதற்கு, என்ன நடந்தாலும் பெற்றோரிடம் நானே பேசுகிறேன் என்று தலைமையாசிரியர் வாயால் ஒரு வார்த்தை, அதுவும் மற்ற ஆசிரியர்கள் முன்னால். பாடத்துக்கு, அவள் எல்லோரும் செய்வதையே செய்ய வேண்டியதில்லை என்ற சம்மதம்.

இந்தக் கடைசி விஷயத்தில் நம் ஆசிரியர்கள் நினைப்பதைவிட அதிகம் தெரிந்தவர்கள். தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே அறைக்குள் மூன்று நிலை பிரித்து நடத்திப் பழகியிருக்கிறார்கள், அதற்கு முன்னால் செயல்வழிக் கற்றல் காலத்தில் அட்டைகளும் ஏணியுமாக ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு படியில் இருந்தது நினைவிருக்கும். இவளுக்கு நாலாவதாக ஒரு படி. எல்லோரும் மூன்று இலக்கக் கழித்தல் போடும்போது இவள் புளியங்கொட்டையை ஐந்து ஐந்தாகக் குவித்து வைக்கலாம், எல்லோரும் பாடலை எழுதும்போது அந்தப் பாடலின் படங்களை வரிசையாக அடுக்கலாம். ஒரே கணக்கு நேரம், ஒரே தமிழ் நேரம். பின்னால் பெஞ்சில் தனியாக உட்கார வைத்து நாள் முழுக்க வண்ணம் தீட்டக் கொடுப்பதை நான் இதில் சேர்க்கவில்லை. வண்ணம் தீட்டுவதிலேயே மூன்று வருடம் கழித்த பிள்ளைகள் உண்டு.

சிறப்புப் பயிற்றுநர் வரும் இரண்டு நாள் மட்டும் வரச் சொல்வது எல்லாவற்றையும்விட எனக்குப் பிடிக்காத யோசனை. வெளியிலிருந்து பார்த்தால் ஏற்பாடு மாதிரி இருக்கும், உண்மையில் வாரத்தில் மூன்று நாள் பள்ளி இல்லை என்று அர்த்தம். அந்தப் பயிற்றுநருக்கு உங்கள் பள்ளி மட்டுமா? வட்டாரத்தில் இன்னும் எத்தனை பள்ளி, எத்தனை வீடு என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்க நிலையில் 10 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தைச் சொன்னது, பணியிடங்களை உருவாக்கி நிரப்பச் சொல்லி அப்புறமும் மாநிலங்களை முடுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அது நடக்கும்போது நடக்கட்டும், உங்கள் பெண் ஒன்பது வயதில் காத்துக்கொண்டு நிற்க முடியாது. அதனால் அவர் வரும் இரண்டு நாளை மற்ற மூன்று நாளுக்காகப் பயன்படுத்துங்கள். பிள்ளையைத் தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போவதைவிட, நாலாம் வகுப்புக்குள்ளேயே வந்து அவள் பக்கத்தில் உட்காரட்டும், வகுப்பாசிரியர் பார்த்துக்கொண்டிருக்கட்டும், போகும்போது அடுத்த மூன்று நாளுக்கு என்ன செய்வது என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது சில விஷயம் இருக்கும்தான், அதற்கு விளையாட்டு பீரியடையும் ஓவிய பீரியடையும் எடுக்காதீர்கள். அந்த நேரங்களில்தான் அவள் மற்றவர்களுக்குச் சமமாக இருக்க வாய்ப்பு அதிகம், நாம் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

சிறப்புப் பள்ளி கூடவே கூடாது என்று நான் சொல்பவன் அல்ல. 2016 சட்டத்தின் 31ஆவது பிரிவு, 6 முதல் 18 வயதுவரை, 40 சதவீதமோ அதற்கு மேலோ சான்று பெற்ற பிள்ளை, தன் விருப்பப்படி பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. 'விருப்பப்படி' என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள், விருப்பம் பிள்ளையுடையது, குடும்பத்துடையது. பிறவியிலேயே காது கேளாத ஒரு பிள்ளை வந்து, பள்ளியில் ஒருவருக்கும் சைகை மொழி தெரியாது என்றால், பாளையங்கோட்டையில் இருப்பது போன்ற ஒரு காது கேளாதோர் பள்ளியில் நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையால் பேசிக்கொள்வதை அந்தத் தாய் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்றுதான் சொல்வேன். மொழியே இல்லாத அறையில் உட்கார வைத்துவிட்டு 'சேர்ந்து படிக்கிறான்' என்று நாம் மகிழ்ந்துகொள்வதில் அர்த்தமில்லை. உங்கள் பெண்ணின் விஷயம் வேறு, அவளுக்குக் காது கேட்கிறது, நம்மைவிட அதிகமாகவே கேட்கிறது. வீட்டிலிருந்தே படிக்கும் ஏற்பாடும் அப்படித்தான், கடுமையான குறைபாடோ பல குறைபாடுகளோ உள்ள பிள்ளைக்காக 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்த்த உரிமை அது. அவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டியது. நாம் எடுத்து நீட்டுவதற்கு இல்லை. 'ஹோம் பேஸ்டுல போட்டுரலாமே' என்று ஒரு தலைமையாசிரியர் சொல்லும்போது அது உரிமையாக இல்லை, பூட்டாக இருக்கிறது.

சில சில்லறை விஷயங்கள், ஆனால் ஏற்பாடு உடைவது பெரும்பாலும் இவற்றில்தான். கழிவறை. அவளாகப் போவாளா, போக வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவாள், தாயிடம் கேளுங்கள்; நாலாம் வகுப்பு ஆசிரியர் ஆண் என்பதால் எந்த டீச்சர் துணைக்குப் போவது என்று முதல் நாளே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். 'யாராவது பார்த்துக்கலாம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். அப்புறம், தாய் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். முதல் வாரம் அவராக வந்து உட்கார்ந்தால் நல்லது, பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் தைரியம். இரண்டாவது வாரம் மரத்தடி, மூன்றாவது வாரம் வீடு. கூலி வேலைக்குப் போகிற தாயாக இருந்தால் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாள் சம்பளம். இன்னொன்று, வகுப்பில் பொறுப்பான பெண் ஒருத்தி இருப்பாள், அவளையே பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றுக்கும் அவளைக் கூப்பிடத் தோன்றும். வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றுங்கள், இல்லையென்றால் தீபாவளிக்குள் அந்தப் பெண்ணின் அம்மா உங்களைப் பார்க்க வருவார், அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கும்.

தேதி என்றேனே. ஆறு வாரம் கழித்து ஒன்று, காலாண்டு விடுமுறைக்கு முன்னால் ஒன்று. அதே நாலு நாற்காலி. இந்த இரண்டு தேதிகள் எழுதப்பட்டிருந்தால் நாலாம் வகுப்பு ஆசிரியருக்கு இது ஆயுள் தண்டனை இல்லை என்று புரியும், முகம் கொஞ்சம் இளகும், அனுபவத்தில் சொல்கிறேன். அன்றைக்குப் பேச வேண்டியது 'அவளுக்கு ஒத்துவருகிறதா' என்று பொதுவாக அல்ல. எத்தனை நாள் வந்தாள், பதினொன்றே கால் மணிக்கு எங்கே இருந்தாள், புதிதாக என்ன ஒரு வார்த்தை, யாருடன் சாப்பிட்டாள், எந்த நேரத்தில் அழுதாள். ஏதாவது சரியில்லை என்றால் முதலில் அறையில் என்ன மாற்றலாம் என்று பாருங்கள், அப்புறம் நேரத்தில், அப்புறம் பாடத்தில். வகுப்பை மாற்றுவது அதற்கெல்லாம் பிறகு, அதுவும் தாய் சம்மதத்தோடு, வேறு பிரிவு இருந்தால் அதே நாலாம் வகுப்பின் வேறு பிரிவுக்கு.

ஒரு விஷயம் மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. அவளுக்கு என்ன பிடிக்கும்? தாயிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், சிறப்புப் பயிற்றுநர் அரைப் பக்கம் எழுதுவதற்கு அதிலிருந்துதான் ஆரம்பிப்பார். அப்படியே, உங்கள் நாலாம் வகுப்பு அறை மாடியிலா கீழேயா, மணி எங்கே தொங்குகிறது என்பதையும்.